வெளிவராத கேம் விற்பனையில் முதலிடம்... எப்படித் தெரியுமா?

கடையில் டிஸ்க் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கேம்களை முன்பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. டவுன்லோடு செய்யும் கேமோ எத்தனை கோடிப் பேர் வாங்கினாலும் தீராது! பிறகு ஆன்லைன் கடைகளில் எதற்கு முன்பதிவு? பணம் முன்கூட்டியே கைக்கு வரும் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, கேம் நம் கண்ணில் படவேண்டும் என்பது!

பிசி கேம்களின் மாபெரும் கடையான ஸ்டீமில் 'டாப் செல்லர்ஸ்' பட்டியலை எதை வைத்துப் போடுகிறார்கள் தெரியுமா? எத்தனை பிரதி போனது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு பணம் வந்தது என்றுதான் பார்க்கிறார்கள்! 70 டாலர் கேமை ஒருவர் வாங்குவதும் 10 டாலர் கேமை ஏழு பேர் வாங்குவதும் அங்கே ஒன்றுதான். முன்பதிவுப் பணமும் இந்தக் கணக்கில் சேரும். அதனால்தான், யாரும் ஒரு விமர்சனம்கூட எழுத முடியாத நிலையில் (வெளியாகும்வரை ஸ்டீம் அதற்கு இடம் தராது) இருக்கும் கேம் பட்டியலின் உச்சியில் போய் உட்காருகிறது. அதைப் பார்த்து இன்னும் சிலர் வாங்க, அது இன்னும் மேலே!

இதே முன்பதிவு சின்ன டெவலப்பர்களின் காலை வாரிவிடக்கூடும், தெரியுமா? 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. அந்த நெரிசலில் ஒரு சின்ன கேம் தலைகாட்ட, வெளியாகும் நாளில் விற்பனை ஒரே மூச்சில் குவியவேண்டும். இன்று இரண்டு, நாளை மூன்று என்று முன்பதிவு சொட்டினால் எந்தப் பட்டியலுக்கும் அது எட்டாது. ரிலீஸ் நாளுக்கான கூட்டமும் கரைந்துவிடும்!

அவர்களைக் காப்பது காசே வாங்காத ஒரு பட்டன். விஷ்லிஸ்ட், அதாவது வாங்க விரும்பும் கேம்களின் பட்டியல்! போதுமான பேர் அதை அழுத்தினால் 'பாப்புலர் அப்கமிங்' பட்டியலில் இடம் கிடைக்கும். கேம் வெளியானதும் அத்தனை பேருக்கும் ஸ்டீமே மெயில் அனுப்பும். ஒரு சின்னக் குழுவுக்கு இதைவிடப் பெரிய உதவி ஏது!

நம்ப முடியவில்லையா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் மிகச் சிறிய குழு டீம் செர்ரி. அவர்களின் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' ஸ்டீம் விஷ்லிஸ்டில் முதலிடத்தில் இருந்தது. ரிலீஸுக்கு இரண்டே வாரங்களுக்கு முன்புதான் தேதியை அறிவித்தார்கள். முன்பதிவே இல்லை. விமர்சகர்களுக்குக்கூட முன்கூட்டிப் பிரதி தரவில்லை. 2025 செப்டம்பர் 4 அன்று 20 டாலருக்கு அது வந்ததும், ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என நான்கு கடைகளும் திணறிப்போயின! ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள்!

மறுபக்கம்? 'சைபர்பங்க் 2077' கேமுக்கு 80 லட்சம் முன்பதிவுகள். 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகி, பிழைகள் மலிந்து கிடந்ததால், ஒரு வாரத்திலேயே பிளேஸ்டேஷன் கடையிலிருந்து தூக்கப்பட்டது. 2021 ஜூன் வரை அங்கே தேடினாலும் கிடைக்கவில்லை!

ஸ்டீமில் முன்பதிவு செய்துவிட்டு மனம் மாறினால், கேம் வெளியாகும்வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், தெரியுமா? வெளியான பிறகு 14 நாள், அதுவும் ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால்தான். முன்பதிவு செய்தவர்களுக்குச் சில நாள் முன்னதாகவே ஆடத் தருகிறார்களே, அந்த நேரத்தையும் 2024 ஏப்ரலிலிருந்து இந்த 2 மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது ஸ்டீம்!