சவுண்டைக் கொஞ்சம் குறைங்க பாஸ்!

நீங்க கடைசியா எந்தப் படத்துக்கு விசில் அடிச்சீங்க? சட்டுனு சொல்லிடுவீங்க. ஹீரோ கார் கதவைத் திறந்து ஷூவை மட்டும் காட்டின சீன், தியேட்டர் பேர், பக்கத்து சீட்டுல கத்தின ஃப்ரெண்டு... எல்லாமே ஞாபகம் இருக்கும். ஓகே, கடைசியா எந்தப் படத்துல யாருக்கும் தெரியாம கண்ணைத் துடைச்சுக்கிட்டீங்க? இப்போ கொஞ்சம் யோசிக்கிறீங்கல்ல? இந்த ரெண்டாவது லிஸ்ட்டைப் பத்திதான் மேட்டர்.

முதல்லயே சொல்லிடறேன். மாஸ் படங்களுக்கு நான் எதிரி கிடையாது. 2023-ல 'ஜெயிலர்' வந்தப்போ அம்பத்தூர் ராக்கியில தொண்டை கட்டுற அளவுக்குக் கத்தினவங்க லிஸ்ட்ல நானும் உண்டு. ஆனா நம்ம ஏரியாவைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. காலையில சி.டி.ஹெச். ரோடு ஹாரன். பட்டரவாக்கத்துல இறங்கினா தொழிற்பேட்டை. 1964-லேர்ந்து அங்கே பிரஸ்ஸும் லேத்தும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆவடிப் பக்கம் போனா டேங்க் ஃபேக்டரி. பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஏறினா, டிரைவர் அண்ணன் உங்க காதுக்குப் பின்னாடியே ஸ்பீக்கரை வெச்சிருப்பார். இவ்வளவையும் ஓசியில கேட்டுட்டு, காசு கொடுத்து உள்ளே போய் அதைவிடப் பெரிய சத்தம்!

"வாரம் பூரா மெஷின் சத்தம் கேக்கறவனுக்கு, அதைவிடப் பெரிய சத்தம்தான் ரிலீஃப்"னு எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் சொன்னான். அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா அவனுக்குப் பதில் சொல்ல எங்க சிலபஸ்லயே ஒரு கணக்கு இருக்கு பாஸ்.

தியேட்டரை செட் பண்றப்போ, திரைக்குப் பின்னாடி இருக்குற ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபல்ல கேக்குற மாதிரி சரி பண்றது சினிமா உலக வழக்கம். அதுக்கு மேல இன்னும் 20 டெசிபல் ஏற இடம் விட்டிருப்பாங்க. டெசிபல் லாக் கணக்குல போறதால, 20 கூடினா பவர் 100 மடங்கு. இவ்ளோ இடம் எதுக்கு? கதையில எப்பவாவது ஒரு தடவை இடி விழும்போது நீங்க சீட்டுலேர்ந்து எழும்பணும், அதுக்கு. ஆனா இப்போ நிறைய ஆக்‌ஷன் படங்கள் டைட்டில் கார்டுலயே அந்த உச்சிக்குப் போய் குடித்தனம் பண்ணுது. அரை மணி நேரத்துல நம்ம காது மரத்துப் போயிடும். அப்புறம் க்ளைமாக்ஸ்ல ஊரே வெடிச்சாலும் நாம பாப்கார்ன்தான் சாப்பிட்டுக்கிட்டு இருப்போம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு படம் வேணும்னா, பி.எஸ்.வினோத்ராஜோட 'கொட்டுக்காளி' (2024). படம் முழுக்கப் பின்னணி இசையே கிடையாது. பேய் பிடிச்சிருக்குன்னு சொல்லி ஒரு பொண்ணை ஆட்டோவுல ஏத்தி சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அவ்ளோதான் கதை. ஆட்டோ இன்ஜின் சத்தம், சேவல் சத்தம், காத்து. அன்னா பென் கிட்டத்தட்ட பேசவே மாட்டாங்க. வழியில எங்கேயோ ஸ்பீக்கர்ல ஓடுற பாட்டை லேசா முணுமுணுக்கறாங்க. அதுக்கு சூரி அடிக்கிற அடி இருக்கே... எந்த மாஸ் ஃபைட்லயும் அப்படி ஒரு அடியை நான் கேட்டதில்லை. சுத்தி அமைதி இருக்கறதாலதான் அது அப்படி விழுது. சிக்னல் டு நாய்ஸ் ரேஷியோன்னு எக்ஸாம்ல எழுதறோமே, அது இதுதான்!

"சரி, ஸ்லோவா இருக்குமே?" கரெக்ட்டா கேட்டீங்க. இந்த ஒரு வார்த்தையிலதான் பாதிப் படங்கள் செத்துப் போகுது.

'96' எடுத்த சி.பிரேம்குமார், 2024 செப்டம்பர்ல 'மெய்யழகன்' கொடுத்தார். தஞ்சாவூர் வீட்டை இழந்துட்டு சென்னைக்கு வந்துட்ட ஒருத்தர், 20 வருஷத்துக்கு மேல கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் போறார். அங்கே ஒருத்தன் 'அத்தான் அத்தான்'னு விழுந்து விழுந்து கவனிக்கிறான். அவன் பேரே இவருக்கு ஞாபகம் இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் பேசறாங்க. வில்லன் இல்லை, சேஸிங் இல்லை. நீளம்னு பேச்சு வந்ததும், ரிலீஸான சில நாள்லயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டிட்டாங்க. அப்புறம் ஓ.டி.டி.யில வந்தப்போ, அதே படத்தைப் பார்த்துட்டு ஆளாளுக்கு 'என் அத்தான் ஞாபகம் வந்துருச்சு'னு உருகினாங்க. தியேட்டர்ல உக்காரப் பொறுமை இல்லாம, வீட்டுல தலையணை மேல சாஞ்சு உருகற கூட்டம் நாமதான். இதுல காலேஜ் பசங்க நமக்குப் பெரிய பங்கு இருக்கு. முதல் மூணு நாள் சீட்டை நிரப்பறது நாமதானே? நாம வராத படம் அடுத்த வாரமே ஒரு ஷோவுக்குச் சுருங்கிடும். அதுவும் லேப் இருக்குற மத்தியான நேரமா பார்த்துப் போடுவாங்க!

இப்போ நம்ம ஏரியா படம் ஒண்ணுக்கு வருவோம். பாலு மகேந்திராவோட 'வீடு' (1988). 'இது அப்பா காலத்துப் படமாச்சே'ன்னு பக்கத்தைத் திருப்பாதீங்க. இருக்குற வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடறாங்க. வேலைக்குப் போற சுதா, அவங்க தங்கச்சி, வயசான தாத்தா. சொந்தமா இருக்கறது வளசரவாக்கத்துல ரெண்டு மனை. ஆமா, போரூர் வழியா பூந்தமல்லி போறப்போ நீங்க டிராஃபிக்ல மாட்டிக்கிட்டுத் திட்டற அதே வளசரவாக்கம்தான். ஒரு மனையை வித்து இன்னொண்ணுல வீடு கட்டணும். லோன், அப்ரூவல், காண்ட்ராக்டர், சிமென்ட். இதுதான் மொத்தப் படமும். பாட்டு ஒண்ணுகூட இல்லை. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்துலேர்ந்து எடுத்த இசை அங்கங்கே வரும். ஷூட்டிங்குக்காக நிஜமாவே ஒரு வீட்டைக் கட்டக் கட்டப் படம் பிடிச்சாங்களாம். சுதாவா நடிச்ச அர்ச்சனாவுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைச்சது. ஆனா என்னைக் கேட்டா, தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதருக்குத்தான் முதல் கைதட்டல். பாதி கட்டின வீட்டை அவர் குடையோட போய்ச் சுத்திப் பார்க்கற சீன்ல ஒரு டயலாக் கிடையாது. சுவரைத் தடவிப் பார்ப்பார். அதைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, எந்த ஹீரோ என்ட்ரி பெரிசுன்னு.

இந்தப் படத்தை எங்க வீட்டுல லேப்டாப்ல போட்டேன். அப்பா தொழிற்பேட்டையில ஒரு சின்ன யூனிட்ல பிரஸ் ஆபரேட்டர். வீட்டுல அதிகம் பேச மாட்டார். டி.வி.யில ஃபைட் சீன் ஓடினா அப்படியே தூங்கிடுவார். 'வீடு' படத்துல காண்ட்ராக்டர் சிமென்ட் மூட்டையைத் திருடி விக்கறதை, சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கற கட்டம் வரும். அப்பா எழுந்து உக்காந்தார். "நம்ம வீடு கட்டுறப்போ மூணு மாசம் நைட்டு ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து, நான் சிமென்ட் மூட்டை மேலதான் படுத்திருந்தேன். உங்கம்மாவுக்கே தெரியாது. ஓவர்டைம்னு சொல்லி வெச்சிருந்தேன்"னார். சமையல்கட்டுலேர்ந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க. நான் படத்தை நிறுத்திட்டேன். திருமுல்லைவாயல்ல எங்களோட அந்த ரெண்டு ரூம் வீட்டுல நான் வருஷக்கணக்கா இருக்கேன். இது எனக்குத் தெரியாது.

படத்துல அந்த இடத்துல யாரும் பன்ச் டயலாக் பேசலை, பின்னாடி டிரம்ஸ் அடிக்கலை. அதனாலதான் அப்பாவுக்குப் பேச இடம் கிடைச்சதுன்னு நான் நினைக்கறேன்.

சரி, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? எடுத்த உடனே 'கொட்டுக்காளி'யில குதிக்காதீங்க. 'காக்கா முட்டை' (2015) பாருங்க. தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கற ரெண்டு சென்னைப் பசங்களுக்கு பீட்சா சாப்பிடணும்னு ஆசை. சிரிச்சுக்கிட்டே பார்ப்பீங்க. அடுத்த தடவை கொரட்டூர் தாண்டறப்போ ஜன்னலுக்கு வெளியே உங்க கண்ணு தானா போகும். அதே மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி' (2022) ரெண்டாவது. நல்லாண்டின்னு நிஜ விவசாயி ஒருத்தர்தான் அதுல ஹீரோ. படம் ரிலீஸ் ஆகறதுக்குள்ள இறந்துட்டார். மயிலைக் கொன்னுட்டார்னு அவரை உள்ளே வெச்சுடறாங்க. அவரோட பயிர் வாடிடக் கூடாதுன்னு, ஒரு போலீஸ்காரரையே தண்ணி பாய்ச்சச் சொல்றாங்க கோர்ட்டுல. நான் ரொம்ப நேரம் சிரிச்ச காமெடி அது.

ரெண்டே ரெண்டு கண்டிஷன். போனை வேற ரூம்ல வைங்க. 1.5 ஸ்பீடுல ஓட்டாதீங்க. முதல் 20 நிமிஷம் கை அரிக்கும், ரிமோட்டைத் தேடும். அதுக்கப்புறம் சரியாகிடும். முடிஞ்சா வீட்டுல பெரியவங்க யாரையாவது பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க.

எங்க வீட்டுல அப்பாவே போன வாரம், "அந்தத் தாத்தா நடிச்சது வேற எதாச்சும் இருக்கா?"ன்னு கேட்டார். பாலு மகேந்திராவோட 'சந்தியா ராகம்' இருக்கு. அதுலயும் பாகவதர்தான். ஞாயித்துக்கிழமை அவருக்கு ஷிஃப்ட் இல்லை.