உங்களுக்குத் தெரியுமா? ஏஐ காலத்தில் புராஜெக்ட் மேனேஜருக்கு என்ன வேலை?

● புராஜெக்ட் மேனேஜர்கள் செய்துவரும் வேலைகளில் 80 சதவீதம் 2030-க்குள் ஏஐ வசம் போய்விடும் என்று கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 2019-லேயே கணித்துவிட்டது. அப்போது சாட்ஜிபிடி வெளிவரவே இல்லை. பயப்படுவதற்கு முன், எந்தெந்த வேலைகள் என்று பாருங்கள்: தகவல் திரட்டுவது, கண்காணிப்பது, ரிப்போர்ட் போடுவது. இந்த மூன்றையும் ஆசைப்பட்டுச் செய்த மேனேஜர் யாராவது உண்டா?

● அட்டவணை போடும் வேலை கணினி கைக்குப் போய் 65 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எந்த வேலை ஒருநாள் தள்ளிப்போனால் மொத்தத் திட்டமும் ஒருநாள் தள்ளிப்போகும் என்று கண்டுபிடித்துச் சொல்வது ‘கிரிட்டிக்கல் பாத்’ முறை. டூபான்ட், ரெமிங்டன் ராண்ட் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து 1957-ல் யூனிவாக் கணினியை வைத்து அதை உருவாக்கின. புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்ஐ அமைப்பு தொடங்கியது அதற்குப் பிறகு, 1969-ல்.

● அப்துல் கலாம் ஒருமுறை கணினி சொன்னதை மீறியிருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்எல்வி-3 ராக்கெட் கிளம்பச் சில நிமிடங்களே இருந்தன. எல்லாப் பாகங்களையும் சரிபார்த்துக்கொண்டே வந்த கணினி, கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ கோளாறு என்று கவுன்ட்டவுனை நிறுத்திவிட்டது. பக்கத்திலிருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, ‘எரிபொருள் கையிருப்பு போதும், கவலை வேண்டாம்’ என்றார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை ஏவச் சொன்னார். முதல் கட்டம் நன்றாகவே போனது. இரண்டாவது கட்டம் தடுமாறி, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு: அன்று கணினி சொன்னதுதான் சரி. மனிதர் எடுத்த முடிவுதான் தப்பு. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் கலாமைப் பத்திரிகையாளர்கள் முன்னால் தள்ளிவிடவில்லை. தோல்விக்குப் பொறுப்பு தன்னுடையது என்று தானே போய்ச் சொன்னார். தன் அணிமேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். 1980 ஜூலை 18-ல் அதே அணி ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்றைக்குப் பத்திரிகையாளர் கூட்டத்துக்குக் கலாமை அனுப்பிவைத்தார் தவன்.

● எஸ்டிமேட்டில் கோட்டை விடுவதற்கு நோபல் பரிசு பெற்றவர்களும் விலக்கில்லை. டேனியல் கானெமன் இஸ்ரேலில் ஒரு பாடப்புத்தகக் குழுவில் இருந்தார். எப்போது முடியும் என்று கேட்டதற்கு எல்லோரும் சுமார் இரண்டு ஆண்டு என்றார்கள். அதே குழுவிலிருந்த கல்வி நிபுணர் ஒருவரிடம், இதுபோன்ற மற்ற குழுக்கள் எவ்வளவு காலம் எடுத்தன என்று கேட்டார் கானெமன். அவர் யோசித்துவிட்டு, ஏழு முதல் பத்து ஆண்டு என்றார். சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை என்றும் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். புத்தகம் முடிய எட்டு ஆண்டு ஆனது. அதற்குள் கல்வி அமைச்சகத்துக்கு ஆர்வம் போய்விட்டதால் அது பள்ளிக்குள் நுழையவே இல்லை. பழைய திட்டங்களைத் தேடி ஒப்பிட்டுச் சொல்ல இன்று ஏஐக்கு ஒரு நிமிடம் போதும். கேட்ட பிறகு ‘நிறுத்துவோம்’ என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

● இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற 32 வயது பொறியாளர் இ.ஸ்ரீதரன், கடலில் விழுந்த கர்டர்களை மீட்டெடுத்து மாட்டி, 46 நாளில் ரயிலை ஓடவிட்டார். பழைய கணக்கை மட்டும் நம்பும் எந்த மென்பொருளும் அந்த ஆறு மாதத்துக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கும்.

● ஐந்து பேர் கொண்ட அணியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 வழிகள். 50 பேர் என்றால் 1,225! தாமதமான மென்பொருள் திட்டத்தில் கூடுதல் ஆட்களைப் போட்டால் அது இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பட்டறிந்த ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். இன்றும் கெடு நெருங்கினால் மேலிடம் கேட்கும் முதல் கேள்வி, ‘இன்னும் எத்தனை பேர் வேண்டும்?’

● புராஜெக்ட் உலகில் ‘தர்பூசணி ரிப்போர்ட்’ என்று ஒன்று உண்டு. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. ‘90 சதவீதம் முடிந்தது’ என்று ஒருவர் மூன்று வாரமாக அதே எண்ணைப் போட்டுக்கொண்டிருப்பார். ஏஐ அதை அப்படியே எடுத்து, நல்ல ஆங்கிலத்தில், வண்ணப் படத்தோடு சுருக்கித் தந்துவிடும். டீக்குப் போகும்போது, ‘தம்பி, அந்த மிச்சம் 10 சதவீதத்துல என்னதான் இருக்கு?’ என்று கேட்கிற டீம் லீடுக்குத்தான் உண்மை கிடைக்கும். அதுவும், சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை அந்தத் தம்பிக்கு இருந்தால்.

● அந்த நம்பிக்கையின் மதிப்பை அளந்தவர் ஆய்வாளர் ஏமி எட்மன்ட்சன். மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராயப் போன அவர், நல்ல அணிகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த எண்கள் தலைகீழாக இருந்தன. நல்ல அணிகள் தவறுகளை மறைக்காமல் பேசின. அதனால்தான் கணக்கில் கூடுதலாகத் தெரிந்தன. பின்னாளில் கூகுள் தன் அணிகளை ஆராய்ந்தபோதும், சிறந்த அணிகளின் முதல் அடையாளமாக வந்து நின்றது இந்தப் பயமின்மைதான்.

● தவறு ஏஐயுடையது என்று கைகழுவ முடியாது. பயணச் சலுகை பற்றி ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தப்பான தகவல் தந்தது. சாட்பாட் ஏறக்குறைய ஒரு தனி ஆள், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்ற தோரணையில் வாதாடியது நிறுவனம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஒதுக்கித் தள்ளி, பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. ஆகவே, ஏஐ தயாரித்த ரிப்போர்ட்டைக் கிளையண்ட்டுக்கு அனுப்புமுன் ஒருமுறை நீங்களே முழுக்கப் படித்துவிடுங்கள்.