ஒரு கணினிக்கு எத்தனை காவல்?

பழுது பார்ப்போம் - 9

சென்ற வாரம் எஸ்.எம்.பி.எஸ். கோளாறு பற்றிப் பார்த்தோம். அதைப் படித்துவிட்டுத் திருநாவலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் போன் செய்தார். "சார், எஸ்.எம்.பி.எஸ். மாத்திட்டேன், யு.பி.எஸ்.ஸும் போட்டுட்டேன். அப்பவும் கேம் திறந்து கொஞ்ச நேரத்துல நீல ஸ்கிரீன் வந்து ரீஸ்டார்ட் ஆயிடுது. கடையில காட்டினா, போர்டு போயிடுச்சு, பழைய பெட்டிய தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு சொல்றாங்க" என்றார்.

சென்னை ரிச்சி தெருவில் யாரோ அசெம்பிள் செய்து, கைமாறி அவரிடம் வந்த பெட்டி அது. இன்டெல் ஐ5 இரண்டாம் தலைமுறை, 8 ஜி.பி. ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. பிராசஸர் 2011இல் சந்தைக்கு வந்தது, கார்டு 2014இல். பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் கவுன்டர் ஸ்டிரைக்கையும் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸையும் இன்றைக்கும் அலுங்காமல் ஓட்டக்கூடிய பெட்டி. வீட்டில் கரும்பு வெட்டிய பணத்தில் வாங்கியது என்று அவர் சொன்னபோது, அதைத் தூக்கிப் போடச் சொன்னவர்கள் மீது எனக்குக் கோபம் வந்தது. போர்டு போய்விட்டது என்று சொல்லுமுன் பார்க்கவேண்டிய ஒன்றை அவர்கள் பார்க்கவே இல்லை.

நீல ஸ்கிரீன் வரும்போதெல்லாம் விண்டோஸ் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு முறை விழும்போதும் அதில் ஒரு சிறிய ஃபைல் சேரும். எந்த இடத்தில், எந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்ற விவரம் அதற்குள் இருக்கிறது. நிர்சாஃப்ட் தரும் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தாலே பெயர் தெரிந்துவிடும். நம்பிக்கையோடு சொல்வதற்குப் பல ஃபைல்களை ஒப்பிட வேண்டும். மாணவரிடம் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னேன். சிலவற்றில் ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனியின் டிரைவர் இருந்தது. வேறு சிலவற்றில் இன்னொரு கம்பெனியின் டிரைவர். ரேமோ போர்டோ கெட்டிருந்தால் சம்பந்தமில்லாத பெயர்கள் மாறி மாறி வரும். இங்கே வந்தவை எல்லாம் ஒரே தொழில் செய்பவை.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்டிரேட்டராகத் திறந்து எஃப், எல், டி, எம், சி என்ற ஐந்து எழுத்துகளை அடித்து என்டர் தட்டச் சொன்னேன். ஒரு பட்டியல் வரும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் டிரைவர்களின் பெயர்களும், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் இருக்கும். இந்த எண்களை ஒதுக்குவது மைக்ரோசாஃப்ட். 320000 முதல் 329999 வரைக்கும் உள்ள வரிசை ஆன்டிவைரஸுக்கு உரியது. மாணவர் ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த வரிசையில் மூன்று பெயர்கள். ஒன்று கடைக்காரர் போட்டுக்கொடுத்தது. இரண்டாவது, நண்பரின் பென்டிரைவிலிருந்து ஏதோ வந்துவிட்டது என்ற பயத்தில் இவரே போட்டது. மூன்றாவது பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பெட்டியை முன்பு வைத்திருந்தவர் போட்டு, அன்இன்ஸ்டால் செய்த பிறகும் போகாமல் தங்கிவிட்ட மிச்சம் அது. இவை போதாதென்று, அவர் ஆடும் ஷூட்டிங் கேமும் கள்ள ஆட்டத்தைப் பிடிக்க ஓர் ஆன்டி-சீட் டிரைவரைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது.

இத்தனை காவல் இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். இவை எல்லாம் எங்கே உட்காருகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் திறக்கும் சாதாரண மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். விண்டோஸின் அடித்தளமான கர்னலில் ஓடும் டிரைவர் தவறு செய்தால், மேற்கொண்டு ஓடினால் ஃபைல்கள் சிதைந்துவிடும் என்பதால் விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நீல ஸ்கிரீன் என்பது அதுதான். வைரஸுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்பதால் ஆன்டிவைரஸுக்குக் கர்னலில் இடம் வேண்டியிருக்கிறது.

கேம் ஒன்று லோடு ஆகும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைத் திறக்கும். ஒவ்வொன்றும் அந்த ஃபில்டர் வரிசையைக் கடந்துதான் போக வேண்டும். உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில் ஒரு வண்டி நின்று போவது வழக்கம். அதே இடத்தில் மூன்று டோல்கேட்களை அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றும் மற்றதன் ஊழியரையும் நிறுத்திச் சோதிக்க ஆரம்பித்தால் சாலை என்ன ஆகும்? முதல் ஆன்டிவைரஸ் சோதிப்பதற்காக ஒரு ஃபைலைத் திறக்கிறது. யாரோ ஃபைலைத் திறக்கிறார்களே என்று இரண்டாவது அதை நிறுத்திச் சோதிக்கிறது. ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தால் சிஸ்டம் ஹேங் ஆகும். தொடக்கூடாத நேரத்தில் தொடக்கூடாத நினைவகத்தை ஒன்று தொட்டுவிட்டால் நீல ஸ்கிரீன்.

பழைய கணினிக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கர்னலில் ஒரு வேலை நடக்கும்போது இடைக்குறிப்புகளை எழுதிக்கொள்ள விண்டோஸ் தரும் இடத்துக்கு ஸ்டாக் என்று பெயர். 32 பிட் விண்டோஸில் அது 12 கிலோபைட், 64 பிட்டில் 24 கிலோபைட். அவ்வளவுதான். ரேமை எவ்வளவு கூட்டினாலும் இது கூடாது. ஒரு ஃபில்டரைத் தாண்டி இன்னொரு ஃபில்டர், அதற்குக் கீழே இன்னொன்று என்று அழைப்பு போகப்போக அந்த இடம் நிரம்பும். நிரம்பி வழிந்தால் 'அன்எக்ஸ்பெக்டட் கர்னல் மோட் டிராப்' என்ற வாசகத்தோடு விழும். எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்து 32 பிட் பெட்டிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் இந்த வாசகத்தைப் பார்த்தால், ரேமைச் சந்தேகிக்கும் அதே நேரத்தில் ஆன்டிவைரஸையும் சந்தேகியுங்கள்.

ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் எப்படி வந்தது என்பதை நான் மறக்கவில்லை. பிரவுசிங் சென்டர் காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே ஃபோல்டர் உருவத்தில் வைரஸ் வந்து உட்காரும். 2008 கடைசியில் கான்ஃபிக்கர் பரவியபோது பென்டிரைவும் அதற்கு ஒரு வழியாக இருந்தது. அப்போது எக்ஸ்பியில் சொந்தமாக ஆன்டிவைரஸ் கிடையாது. சென்னையில் 1991இல் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய கே7, புனேயிலிருந்து வந்த குயிக்ஹீல் போன்றவை இல்லாமல் அந்த நாட்களை நாம் கடந்திருக்க முடியாது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே வந்துவிட்டது. இன்னொரு ஆன்டிவைரஸ் வந்து முறைப்படி பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கி வழிவிடும். ஆனால் வெளியிலிருந்து வந்த இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றுக்கொன்று வழிவிடுவதில்லை.

ஒரே ஒரு காவல் இருந்தாலும் விழலாம் என்பதை 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை உலகமே பார்த்தது. இந்திய நேரப்படி காலை 9.39க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் ஒரு சிறிய அப்டேட்டை அனுப்பியது. 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே தரப்பட, கர்னலில் இருந்த டிரைவர் இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப்போய் விழுந்தது. 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியிருந்தன. சென்னை விமான நிலையத்திலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸ், எக்ஸ்பியின் முக்கியமான சிஸ்டம் ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று தவறாக முடிவு செய்து முடக்கி, உலகெங்கும் கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் பின்னர் கிரவுட்ஸ்டிரைக்கை நிறுவியவர்களில் ஒருவர், 2024இல் அதன் தலைவர்.

கேம்களுக்குள் வரும் காவலும் இதே ரகம்தான். 2020இல் வாலரன்ட் வந்தபோது அதன் வேன்கார்ட் என்ற ஆன்டி-சீட், கணினி பூட் ஆகும்போதே கர்னலில் ஏறி, ஓட்டை உள்ள டிரைவர்கள் என்று சிலவற்றைத் தடுத்தது. சூட்டை அளந்து ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்களும் சிலருக்கு அதில் நின்றுபோயின. கோடையில் நம் ஊர் வெயிலில் ஒரு பழைய பெட்டிக்கு ஃபேன் கட்டுப்பாடு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய சிடி கேம்களில் திருட்டுப் பிரதியைத் தடுக்க இருந்த சேஃப்டிஸ்க் டிரைவரில் ஓட்டை இருந்ததால் விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடிகள் அதனால்தான் இன்று ஓடுவதில்லை.

மாணவரின் பெட்டிக்கு வருவோம். கன்ட்ரோல் பேனலில் போய் அன்இன்ஸ்டால் செய்வது மட்டும் போதாது. டிரைவர் தங்கிவிடும். ஆன்டிவைரஸ் கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் மென்பொருளை வேரோடு எடுக்கத் தனியாக ஒரு ரிமூவல் டூல் வைத்திருக்கின்றன. அந்தந்தக் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்க வேண்டும். சேஃப் மோடில் ஏறி, ஒரு கம்பெனியை எடுத்து, ரீஸ்டார்ட் செய்து, பிறகுதான் அடுத்தது. பெட்டியை முன்பு வைத்திருந்தவர் போட்ட ஆன்டிவைரஸும் அதன் கம்பெனி தந்த டூலால்தான் போனது. மூன்றும் போனபின் அதே ஐந்து எழுத்தை மறுபடி அடித்தபோது அந்த வரிசையில் டிஃபெண்டரின் பெயர் மட்டும் வந்தது. கேம் ஓடியது. நீல ஸ்கிரீன் அதற்குப் பிறகு வரவில்லை. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிஃபெண்டரே போதுமா என்று அவர் தயங்கினார். கிராக் செய்த கேமை இறக்காமல், ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய் என்று சொல்லும் எதையும் தொடாமல் இருந்தால் வீட்டுக் கணினிக்கு அது போதும் என்பது என் உறுதியான எண்ணம். காசு கொடுத்து வேறொன்று வாங்கினாலும் சரி, அந்த ஒன்றோடு நிறுத்துங்கள்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. இரண்டாம் தலைமுறைப் பிராசஸர்கள் விண்டோஸ் 11க்குத் தகுதியானவை அல்ல. அதனால் பயந்துபோய், இருக்கும் ஆன்டிவைரஸோடு இன்னொன்றையும் ஏற்றிக்கொள்ளப் பலர் கிளம்புவார்கள். இரண்டாவது ஆன்டிவைரஸ் விண்டோஸின் ஓட்டையை அடைக்காது. விண்டோஸ் 10இல் உள்ள டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. அந்தப் பெட்டியைக் கேமுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேங்க் வேலையை வேறு கருவியில் பாருங்கள்.

(தொடரும்)