பட்டர் ஃப்ரூட் மரத்து வீடு

காக்ஸ் டவுனில் இருக்கும் தோழியின் வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது 1984-ல். தெருவிலிருந்து பார்த்தால் வீடு தெரியவில்லை; மரம்தான் தெரிந்தது. மற்ற ஊர்களில் அவகாடோ என்றும் வெண்ணெய்ப்பழம் என்றும் சொல்வதைப் பெங்களூர்க்காரர்கள் பட்டர் ஃப்ரூட் என்பார்கள். மரத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் மங்களூர் ஓட்டுக் கூரை. ஜன்னல்களுக்கு மேலே, சட்டங்களை நெருக்கி அடித்து நுனிகளைக் கூராகச் சீவிய மரத் தொப்பி. அதற்கு ‘மங்கி டாப்’ என்று பெயர். குரங்கு வீட்டுக்குள் இறங்காமலிருக்க வைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காய்க்கிற மாதங்களில் குரங்குகள் அதன்மேல் உட்கார்ந்துதான் பழம் தின்னும் என்பாள் தோழி.

அப்போது அவள் பள்ளியில் டிராயிங் டீச்சர். வீட்டிலிருந்த சாமான்கள் எல்லாம் அவளுடைய தாத்தா ஒருவரே வாங்கிப் போட்டவை: பிரம்பு நாற்காலிகள், கண்ணாடி பதித்த அலமாரி, முகம் தெரியத் தேய்த்த ரெட் ஆக்ஸைடு தரை. அவளுடையது என்று இருந்தது சுவரில் ஒரே ஒரு வாட்டர்கலர் படம், அல்சூர் ஏரி. அதையும் சமையலறைக்குப் போகும் வழியில்தான் மாட்டவிட்டிருந்தார்கள்.

தோட்டம் பாட்டியின் ஆட்சியில் இருந்தது. முன்பக்கம் ரோஜாவும் டாலியாவும் தெருவுக்கு. பின்கட்டில் கறிவேப்பிலையும் முருங்கையும் வீட்டுக்கு. குடியரசு தினத்தையொட்டியும் சுதந்திர தினத்தையொட்டியும் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி வந்தால், பாட்டி போய்ப் பார்த்துவிட்டு, “நம்ம டாலியாவை விடச் சின்னது” என்று சொல்லிக்கொண்டே திரும்புவார்.

வீட்டைச் சுற்றி இவ்வளவு இடம் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. 1898-ல் பிளேக் வந்து நெரிசலான தெருக்களை உலுக்கிய பிறகுதான் பெங்களூர் காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது. பக்கத்து ஃப்ரேஸர் டவுன் அந்தக் கவலையில் பிறந்தது. கன்டோன்மென்ட்டில் கலெக்டராக இருந்த காக்ஸின் பெயரைத் தாங்கிய இந்தப் பேட்டையும் அதை ஒட்டி வளர்ந்தது. 1809-ல் கன்டோன்மென்ட் வந்ததிலிருந்து, மெட்ராஸ் பட்டாளத்தின் பின்னாலேயே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறை கழித்து இங்கே சைட் வாங்கி வீடு கட்டின. சுகாதாரத்துக்காக விட்ட இடத்தில் ரோஜா பிறகுதான் வந்தது.

இன்று தெரு வேறு. சிகரெட் தொழிற்சாலை இருந்த வளாகத்தில் மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. 2006-ல் தோழியின் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. அண்ணனின் பாதியில் நான்கு மாடி எழுந்துவிட்டது. அவளுடைய பாதியில் இரண்டு அறைகளும் ஒரு வராந்தாவும் பட்டர் ஃப்ரூட் மரமும் மிஞ்சின. ஜாயின்ட் வென்ச்சர் கேட்டு வந்த பில்டர்கள் எல்லோரும் முதலில் அந்த மரத்தைத்தான் பார்த்தார்கள்; கார் நிறுத்தும் இடம் அங்கேதான் வர வேண்டும். அவளிடம் கார் கிடையாது.

வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு இப்போது முதலில் சிரிப்பு வரும், பிறகு கேள்வி வரும். மரத்தடியில் நாலு கால் வைத்த இரும்பு பாத்டப், அதில் அல்லி. வராந்தாத் தரையில் ஒன்றோடொன்று சேராத பதினோரு விதப் பூப்போட்ட டைல்கள். சாப்பாட்டு மேஜை என்பது ஒரு பழைய வாசற்கதவு. சாவித் துவாரத்துக்கு மேலே உப்பு ஜாடி இருக்கும். ஓடுகளை நிமிர்த்திப் பாத்திக்கு வரப்புக் கட்டியிருக்கிறாள். புத்தக அலமாரியின் தலையில் ஒரு மங்கி டாப்.

வருகிறவர்கள் ரசனையைப் புகழ்வார்கள். அவளுக்கு அது பிடிக்காது. “ரசனை எங்கடா இருக்கு? லாரிக்கு முன்னாடி ஓடினேன், அவ்வளவுதான்.”

நடந்தது அதுதான். தெருவில் ஒவ்வொரு பங்களா இடிபடும்போதும் அவள் போய் நின்றாள். இடிக்கிற கான்ட்ராக்டர் தேக்கு உத்தரத்தையும் இரும்பையும் முதலிலேயே விலை பேசிவிடுவார். டைல், வென்டிலேட்டர் கண்ணாடி, குமிழ், கொக்கி எல்லாம் மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறும். அவள் கேட்டு வாங்கியது அந்த இரண்டாவது வகையை. பாத்டப் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினுடையது. பதினோரு வகை டைலும் பதினோரு வீடு. எந்த மூலையைக் காட்டிக் கேட்டாலும் எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று சொல்வாள்.

சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் செய்ததும் ஏறக்குறைய இதுதான். புது நகரத்துக்காகக் காலி செய்யப்பட்ட கிராமங்களின் இடிபாட்டையும் உடைந்த பீங்கானையும் வளையலையும் பொறுக்கி அவர் எழுப்பிய ராக் கார்டன் 1976-ல் திறக்கப்பட்டது; இன்று உலகமே வந்து பார்க்கிறது. காக்ஸ் டவுன் வீட்டைப் பார்க்க டிக்கெட் இல்லை. காபி உண்டு.

தோட்டம் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. பாட்டரி டவுன் குயவர்களிடம் வாங்கிய நாற்பது தொட்டிகள். டாலியா இல்லை, அது தண்ணீர் குடிக்கும் செடி. இப்போது கற்பூரவல்லி, கற்றாழை, பிரண்டை, ஒரு தொட்டியில் மட்டும் பாட்டியின் ரோஜா. பெங்களூருக்குக் காவிரி சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து பம்ப் செய்யப்பட்டு மேடேறி வருகிறது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மாதம் அரிசி கழுவிய தண்ணீர்தான் ரோஜாவுக்கு. பாட்டியின் காலத்தில் ஹோஸ் பைப் நாள் முழுக்க ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். செடி வளர்ப்பதில் பேத்திதான் கெட்டிக்காரி.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குச் சமாதானம் இல்லை. அலமாரி மேல் இருக்கும் மங்கி டாப்பின் கீழே ஜன்னல் இல்லை; அதன்மேல் மழை விழுவதில்லை, குரங்கும் உட்காருவதில்லை. எடுத்து வைத்த துண்டுகள் எத்தனை சேர்ந்தாலும் தெரு திரும்பி வராது. அவளிடமே இதைச் சொன்னேன். “தெரிஞ்சுதான் செய்யறேன்” என்றாள். பிறகு சமையலறை வாசலைக் காட்டினாள்.

அங்கே ஒரு பழைய நிலை நிற்கிறது. இரண்டு தெரு தள்ளி இடிந்த வீட்டிலிருந்து வந்தது. அதில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் 1951 என்று இருக்கிறது. வீட்டில் மற்ற எல்லா மரத்துக்கும் வார்னிஷ் அடித்தவள் இதை மட்டும் தொடவில்லை. கோடு போடுவதையும் நிறுத்தவில்லை. கடைசிக் கோடு, பக்கத்து அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனின் மகளுடையது. மூன்றடி இரண்டு அங்குலம்.