வழுக்கைக்கு மருந்து: வீட்டார் எல்லோரும் அறிய வேண்டியவை

திருமணப் பேச்சு தொடங்கும் வயதில் முன்நெற்றி ஏறத் தொடங்கினால் இளைஞர்கள் கவலைப்படுவது இயல்பு. சிலர் யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இது சாப்பிடுபவரோடு முடிகிற விஷயம் அல்ல.

ஆண்களுக்கு வரும் வழுக்கைக்குத் தொப்பி அணிவது காரணம் அல்ல. ஆண் ஹார்மோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற பொருள், பரம்பரையாக அதனால் பாதிக்கப்படும் தன்மையுள்ள முடிவேர்களைச் சிறுகச் சிறுகச் சுருக்கிவிடுகிறது. இதற்குப் பலன் தரும் முக்கிய மருந்துகள் இரண்டு.

மினாக்ஸிடில்

முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைக் கண்டபின் தலையில் தடவும் மருந்தானது. 5 சதவீத மருந்தை வேளைக்கு 1 மி.லி. வீதம் தினம் இரு வேளை, உலர்ந்த தலையில் தடவ வேண்டும். அதன்பின் 4 மணி நேரம் தலை நனையக் கூடாது. ஃபஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் தடவினால், அடுத்த உளூவில் தலைக்கு மஸஹ் செய்வதற்குள் போதிய நேரம் கிடைக்கும். முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரலாம், பயப்பட வேண்டாம். பலன் தெரிய சுமார் 4 மாதம் ஆகும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது.

ஃபினாஸ்டெரைடு

தினம் 1 மி.கி. மாத்திரை. டி.எச்.டி. உருவாவதைக் குறைக்கிறது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே சாப்பிட வேண்டும். சிலருக்குத் தாம்பத்திய நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். வாழ்க்கையே வெறுத்ததுபோல் தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். புராஸ்டேட் சோதனையான பி.எஸ்.ஏ. அளவை இம்மருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். சோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டாரின் பாதுகாப்புக்கு

* உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.
* இதே காரணத்தால், கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதமாவது இரத்ததானம் செய்யாதீர்கள். அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். முகாமுக்கு வருவோர் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.
* மினாக்ஸிடில் தடவியபின் கைகளைக் கழுவுங்கள். மருந்து பட்ட இடத்தைக் கைக்குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உடலில் அளவுக்கு மீறி முடி வளரக்கூடும்.

இரண்டு மருந்துகளும் தொடரும் வரைதான் பலன் தரும். நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்த முடி உதிர்ந்துவிடும். எனவே வருடக்கணக்கில் ஆகும் செலவையும் யோசித்துத் தொடங்குங்கள். திட்டுத் திட்டாக முடி கொட்டினால் அது வேறு நோயாக இருக்கலாம். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.