எனக்கு ரெண்டு நாள், அப்பாயிக்கு பதினெட்டு நாள்

2021 மே மாதம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொரோனா வந்தது. அப்போ எனக்கு வயசு பத்து. ரெண்டு நாள் காய்ச்சல், மூக்கு ஒழுகல், அவ்வளவுதான். மூணாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினேன். அப்பாயி பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து இருந்தார்கள். தாத்தா திரும்பி வரவே இல்லை.

"ஒரே வீடு, ஒரே கிருமி. உனக்கு மட்டும் எப்படி பாப்பா ஒண்ணும் ஆகலை?" என்று அப்பாயி இப்பவும் கேட்பாங்க. கோபமா கேட்கிறதில்லை. ஆனாலும் எனக்கு என்னமோ மாதிரி இருக்கும். அதனால் எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர்கள் சொன்னதையும், படிக்கக் கொடுத்ததையும் வைத்து இதை எழுதுகிறேன்.

கொரோனா வைரஸ் முதலில் நுழைவது மூக்கில். அங்கே உள்ள செல்களுக்கு வைரஸை மோப்பம் பிடிக்கிற உணர்விகள் உண்டு. பிடித்தவுடன் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விடும். அது பக்கத்து செல்களுக்கு, "திருடன் வந்துட்டான், கதவைச் சாத்து" என்று சொல்கிற மாதிரி. ஜெர்மனியில் பெர்லின் நகர ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகள், பெரியவர்கள் இரண்டு பேரின் மூக்கு செல்களையும் எடுத்துப் பார்த்து 2021-ல் எழுதினார்கள். குழந்தைகளின் செல்களில் இந்த உணர்விகள் நோய் வருவதற்கு முன்பே அதிகமாக இருந்தனவாம். அதாவது களை முளைக்கிற அன்னைக்கே பிடுங்கி விடுகிறோம்.

இன்னொன்று தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கிற சுரப்பி. இதுவரை பார்க்காத கிருமியையும் அடையாளம் காணக்கூடிய புது டி செல்கள் இங்கேதான் பழகி வெளியே வரும். சின்ன வயசில் இது பெரிசு. வயசு ஏற ஏற சுருங்கி கொழுப்பாகிவிடும். பெரியவர்கள் உடம்பில் இருப்பது பெரும்பாலும் பழைய கிருமிகளை ஞாபகம் வைத்திருக்கும் செல்கள். பழைய நோய்க்கு அது ரொம்ப நல்லது. ஆனால் இது 2019 கடைசியில் மனிதர்களிடம் வந்த புதுக் கிருமி ஆச்சே!

முதல் நாட்களில் தடுக்க முடியாமல் போனால் வைரஸ் நுரையீரல் வரை இறங்கிப் பெருகிவிடும். அப்புறம் உடம்பு தாமதமாக விழித்து, கண்மண் தெரியாமல் சண்டை போடும். அந்த சண்டையிலேயே நுரையீரல் வீங்கி, நீர் கோத்துக்கொள்ளும். அதாவது மூச்சுத் திணறலுக்கு வைரஸ் மட்டும் காரணம் இல்லை, நம்ம எதிர்ப்பு சக்தியும்தான்! இதைப் படித்தபோது நான் நம்பவே இல்லை. ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு டெக்சாமெதசோன் மருந்து கொடுத்தது அந்த சண்டையை அடக்கத்தான். அதனால் இறப்பு குறைகிறது என்று 2020-ல் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி காட்டியது.

குழந்தைகளுக்குக் கொரோனா வரவே இல்லை என்று நினைக்காதீர்கள். 2021 ஜூன், ஜூலையில் இந்தியா முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்ததில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு வந்து போன அடையாளம் இருந்தது. அப்போது நமக்கு ஊசியே போடவில்லை. நிறைய பேருக்கு வந்ததே தெரியாது. சில குழந்தைகளுக்கு மட்டும் குணமாகி சில வாரம் கழித்து உடம்பு முழுக்க அழற்சி வந்து இதயம் வரை பாதித்தது. அது அபூர்வம்தான், ஆனால் ஆபத்தானது.

"அப்போ தாத்தாவுக்கு நான்தான் கொடுத்தேனா மிஸ்?" என்று கடைசியில் கேட்டுவிட்டேன். "சின்னப் பிள்ளைங்க கிட்டேயிருந்தும் பரவும், பெரியவங்க கிட்டேயிருந்தும் பரவும். உங்க வீட்ல ஒரே நாள்ல மூணு பேருக்குக் காய்ச்சல்னு நீயே சொன்ன. யார் கிட்டேயிருந்து வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாதும்மா" என்றார்கள்.

நேற்று ராத்திரி இதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். நெஞ்சைத் தொட்டு, "இங்கயா இருக்கு அது?" என்றார்கள்.

"ஆமா அப்பாயி. உங்களுக்கு சுருங்கிப் போயிருக்கும்."

"உங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, தாத்தாவைப் பற்றிய பகுதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.