பெரிதாய்த் தெரிவதும் சரியாய் அளப்பதும்

திருகோணமலையிலே, கோணேசர் கோயில் நிற்கும் குன்றின் உச்சியிலிருந்து கடலை நோக்கினால், தொலைவிற் செல்லும் கப்பல் கடுகளவே தோன்றும். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் அதன் புகைபோக்கியும் தெரியும். ஆனால், அக்கப்பலின் நீளம் எத்தனை அடி? தொலைநோக்கி விடை கூறாது. காண்பது வேறு, அளப்பது வேறு. நுணுக்குக்காட்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

நமது செங்குருதிக் கலம் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 7.5 மைக்கிரன். மைக்கிரன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறியதை அளப்பதற்கு, கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழாயினுள் நுண்கோடுகளிட்ட கண்ணாடி வட்டம் ஒன்றை வைப்பர். அக்கோடுகளுக்குத் தமக்கென மதிப்பில்லை. ஒரு மில்லிமீற்றரை நூறாகப் பிரித்த அளவுகோலைக் கீழே வைத்து, இரண்டையும் ஒப்பிட்டே மதிப்பை அறிதல் வேண்டும்.

பத்து மடங்கு வில்லையில் ஒரு பிரிவு 10 மைக்கிரன் ஆயின், 40 மடங்கு வில்லையில் அதுவே 2.5 மைக்கிரன், 100 மடங்கில் 1 மைக்கிரன். முதலாவதிலே கலம் ஒரு பிரிவையும் நிரப்பாது. கண் அரைப் பிரிவு தவறினால் பிழை 5 மைக்கிரன்! மூன்றாவதிலோ அதே தவறு அரை மைக்கிரனே. வில்லையை 40க்கு மாற்றியும் பழைய மதிப்பாற் பெருக்கும் மாணவன், அக்கலத்தை 30 மைக்கிரன் என்று எழுதிவிடுவான்.

அங்ஙனமாயின் பெருக்கிக்கொண்டே போகலாமோ? ஆகாது. ஏறத்தாழ 0.2 மைக்கிரனிலும் நெருங்கிய இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டாது. இவ்வெல்லையின் காரணத்தை 1873இல் ஜெர்மானிய அறிஞர் ஏர்ண்ஸ்ட் அபே விளக்கினார். மூடுபனியில் நிற்கும் கப்பலைப் பெருக்கினால் பனியும் உடன் பெருகுமன்றோ? அவ்வாறே எல்லைக்கு அப்பால் மங்கலே பெருகும்.

இஃது ஆய்வுகூடத்தோடு முடியும் செய்தியன்று. எமது உலர் வலயம் ஒருகாலத்தில் மலேரியாவின் உறைவிடம். விவாக்ஸ் என்னும் மலேரியாக் கிருமி புகுந்த செங்குருதிக் கலம் பருக்கும்; உயிரையே குடிக்கவல்ல பல்சிபாரம் புகுந்தது பருப்பதில்லை. இரண்டையும் வேறுபடுத்தும் அடையாளங்களுள் இதுவும் ஒன்று. அயலில் உள்ள நோயற்ற கலங்களையே அளவுகோலாகக் கொண்டு பரிசோதகர் ஒப்பிடுவர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. எனினும், கடல்கடந்து வருவோர் உடலில் அக்கிருமி இன்னும் வந்திறங்குகின்றது.

ஆகவே, மாணவர்காள், பெரிதாகத் தெரிந்ததென்று மகிழ்ந்துவிடாதீர். எந்த வில்லை, எந்த அளவுகோல் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் எண்ணை எழுதுங்கள்.